கையாலைக்குள் தூங்கும் நத்தை: கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டங்களில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் இடைப்பட்ட ஒரு சரிவில் எங்கள் 11 தோட்டங்களும் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து 40 ஏக்கரைக் கொஞ்சம் தாண்டும். காப்பிதான் முதல் பயிர். நிழலுக்குச் சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும், அவற்றின் மேல் மிளகுக் கொடியும், இடையிடையே மலைவாழையும், பள்ளத்தில் சவ்சவ் பந்தலும் உண்டு. மேல் எல்லை காப்புக்காடு, கீழ் எல்லை ஜீப் போகும் மண்பாதை. தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே கையாலைகள்: சாந்து இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டியவை, பல எங்கள் தாத்தா காலத்தவை. கையாலைகளைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் அந்த 11 பேரில் ஒருவன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். வரவு செலவும் எண்ணிக்கையும் குறித்துவைத்த நோட்டு என்னிடம் இருந்ததால் இந்தச் சரிவில் ஆப்பிரிக்க ராட்சத நத்தையோடு நாங்கள் போராடிய கதையை எழுதும் வேலையும் என்னிடம் வந்தது. யார் பெயரும் இதில் இல்லை. தவறுகளில் பாதி என்னுடையவை.

ஆப்பிரிக்க ராட்சத நத்தை கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1847இல் வில்லியம் பென்சன் என்ற ஓட்டுயிர் ஆய்வாளர் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்ததில் இருந்து இந்தியாவில் அதன் கணக்கு தொடங்குகிறது. நாற்றோடும் மண்ணோடும் சரக்கோடும் அது ஊர் ஊராகப் பரவியது. ஒவ்வொரு நத்தைக்கும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. ஒரு தடவைக்கு 100 முதல் 400 முட்டை வரை இடும், ஆண்டுக்குப் பல தடவை இடும். ஒருமுறை இணைந்த நத்தை விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் முட்டையிடக்கூடியது. ஆகவே ஒரு சரிவு முழுவதும் நிறைய ஒரே ஒரு நத்தை வந்தால் போதும்.

முதல் ஆண்டு ஐப்பசி: சுவரில் கீறல்

முதலில் கவனித்தது காப்பிச் செடியில் இல்லை, மோட்டார் ரூம் சுவரில். பொங்கலுக்கு அடித்த வெள்ளை கலையாமல் இருந்த சுவர் அது. பழம் எடுக்க வந்த வயதான அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "வாத்தியாரய்யா, சுண்ணாம்பச் சீப்பு வெச்சு இழுத்தாப்புல இருக்கே, எந்தப் பய வேல?" என்று கேட்டார். பார்த்தால் இடுப்பளவு உயரம் வரை நுண்ணிய இணைகோடுகள், பல திசைகளில். பக்கத்திலேயே காய்ந்த பிசின்போல மினுங்கும் தடம்.

அன்று இரவு 8 மணிக்கு டார்ச்சோடு போனேன். அந்த ஒரு சுவரில் மட்டும் 23 நத்தைகள். பெரியது என் உள்ளங்கையை நிறைத்தது; கூம்பு வடிவ ஓடு, பழுப்பில் நெடுக்காகக் கரும்பட்டைகள். காது வைத்துக் கேட்டால் சுண்ணாம்பைச் சுரண்டும் ஓசை கேட்டது, அரிசியில் கல் பொறுக்கும்போது முறத்தில் வருமே, அதுபோல. எங்கள் மலை மண் புளிப்பு மண், சுண்ணாம்புச் சத்து குறைவு. ஓடு வளர்க்க அதற்குச் சுண்ணாம்பு வேண்டும், அதனால் சுவரைத் தேடி வந்திருக்கிறது. மண்ணைச் சரிப்படுத்தக் காப்பிக்கு நாங்கள் போடும் சுண்ணாம்பும் அதற்கு விருந்துதான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அடுத்த பத்து நாளில் எல்லாரும் அவரவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தோம். வாழைக் கன்றின் குருத்து, பப்பாளி, அவரை, மிளகின் இளங்கொடி, கல்யாண முருங்கைப் போத்தின் துளிர் எல்லாவற்றிலும் கடி. வளர்ந்த காப்பிச் செடிக்குப் பெரிய சேதம் இல்லை. ஆனால் அந்த ஆண்டு வைத்த நாற்றுகளில் பல, தண்டில் பட்டை உரிந்து நின்றன.

எப்படி வந்தது

11 தோட்டங்களில் 5இல் மட்டும் நத்தை இருந்தது. அந்த ஐவருக்கும் பொதுவான ஒன்றைத் தேடினோம். முந்தைய ஆண்டு ஐந்து பேரும் சேர்ந்து ஒரு லாரி நாற்று இறக்கியிருந்தார்கள்: பட்டர் ஃப்ரூட்டும் வேர்விட்ட மிளகும், பாலிதீன் பையில் மண்ணோடு, கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து நாற்றங்காலில் இருந்து. பையின் அடிமண்ணில் முட்டையோ குஞ்சோ இருந்திருக்க வேண்டும். நாற்று விற்றவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. பையைக் கிழித்துப் பார்க்காமல் நட்டது நாங்கள்.

முதல் முடிவுகளும் அவை சறுக்கிய விதமும்

கார்த்திகையில் கூட்டம் போட்டோம். பழம் எடுக்கும் பருவம், ஆளே கிடைக்காத நேரம். எனவே ஆள் குறைவாகத் தேவைப்படும் வழியாக, கடையில் விற்கும் நத்தைக்கொல்லி மருந்தான நீல நிற மெட்டால்டிஹைடு குருணையை வாங்கித் தூவுவது என்று முடிவானது. இரண்டு பேர் அதைத் தவிட்டில் பிசைந்து வைத்தார்கள். அப்படி வைத்தால் இழுக்கும் என்று யாரோ சொன்னார்களாம்.

காலையில் தோட்டத்துக்கு முப்பது, நாற்பது நத்தைகள் நுரை கக்கிக் கிடந்தன. எங்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் இந்த மருந்து நத்தையைப் பெரும்பாலும் நீர் வற்றச் செய்துதான் கொல்கிறது. மழை பெய்தால் பாதி பிழைத்துவிடும். மறுநாள் மழை பெய்தது. கிடந்தவற்றில் பல நகர்ந்து போயிருந்தன. மூன்றாம் நாள் இரவு பக்கத்துத் தோட்டத்து நாய் தவிட்டுருண்டையைத் தின்றுவிட்டது. கால் நிற்கவில்லை, உடம்பெல்லாம் உதறல், தொட்டால் அடுப்புபோலச் சூடு. மலையிறங்கி மருத்துவரிடம் போவதற்குள் இறந்துவிட்டது. அது காட்டுப்பன்றியை விரட்டி அந்தக் குடும்பத்தின் சவ்சவ் பந்தலைக் காத்த நாய். குருணையை அன்றோடு நிறுத்தினோம். அந்தக் குடும்பம் இன்னும் எங்களோடு முழுசாகப் பேசுவதில்லை.

அடுத்தது என் யோசனை. நத்தை ஒன்றுக்கு 1 ரூபாய், யார் பிடித்துக் கொடுத்தாலும். பிள்ளைகள் குதித்துக்கொண்டு வந்தார்கள். முதல் வாரம் 600, இரண்டாம் வாரம் 900, மூன்றாம் வாரம் 1,400 என்று நோட்டில் எழுதி, எல்லாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டேன். தோட்டத்தில் குறைந்தால் பிடிபடுவதும் குறைய வேண்டும்தானே என்ற கேள்வி எனக்கு மூன்றாம் வாரம்தான் வந்தது. விசாரித்தால், ஒரு பையன் கீழ் ஊரில் மாமா வீட்டுக் கொல்லையில் பிடித்துச் சாக்கில் கட்டி ஜீப்பில் கொண்டுவந்திருந்தான். அவனைப் பார்த்து இன்னும் நான்கு பேர். ஒரு சனிக்கிழமை கூலி கொடுக்க நேரமில்லாமல் அந்தச் சாக்குகளைச் சவ்சவ் எடை போடும் கொட்டகைத் திண்ணையில் விட்டுவிட்டுப் போயிருந்தோம். காலையில் சாக்கு பாதி காலி. இரண்டு மாதம் கழித்து, அதுவரை நத்தையே இல்லாத ஆறாவது தோட்டத்தில், கொட்டகையை ஒட்டிய வரிசையில் குஞ்சுகள் தென்பட்டன.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சாக்குகளில் வந்ததில் கணிசமானவை ராட்சத நத்தையே இல்லை. தட்டையான ஓட்டோடு செந்நிற உடம்பு கொண்ட மலை நத்தைகளும், வயலோரத்துச் சிறு நத்தைகளும் கலந்திருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த நத்தைகள் இலைக்குப்பையைத் தின்று மண்ணுக்குத் திருப்பித் தருபவை. அவற்றை நாங்களே காசு கொடுத்துக் கொன்றிருக்கிறோம். முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவன் நான். எண்ணிக்கைக்குக் காசு கொடுத்தால் எண்ணிக்கை கூடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறு வாரம் முதல் நத்தைக்குக் காசு இல்லை, நேரத்துக்குக் கூலி என்று மாற்றினோம்.

இரவு வேட்டை

மார்கழி வரை மூன்று மூன்று பேராகத் தலை விளக்கோடு இரவில் இறங்கினோம். இரண்டு மணி நேரத்தில் 150 வரை கிடைக்கும். நத்தையை வெறும் கையால் தொடக் கூடாது என்பதைக் கண்டிப்பாக வைத்தோம். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு, எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் போகும்; நத்தையைச் சரியாக வேகவைக்காமல் தின்றாலோ, கழுவாத கீரை காய்கறியோடு அது உள்ளே போனாலோ மனிதருக்கு மூளை உறையில் அழற்சி வரலாம். கையுறை தீர்ந்தால் ரேஷன் சர்க்கரைப் பையைக் கையில் மாட்டிக்கொண்டோம்.

ஒரு வேலையாள் பத்துப் பதினைந்து நத்தையை வீட்டுக்கு எடுத்துப்போனது தெரியவந்தது. மூலத்துக்கு நத்தைக் கறி நல்லது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. ஆனால் அது வயல் நத்தையை வைத்துச் சொன்னது. மேஸ்திரியும் நானும் அவர் வீட்டுக்கே போய்ப் பேசினோம். "மாமா, இது அந்த நத்தை இல்ல, வேற தேசத்து நத்தை. வயித்துக்குள்ள போனா மூளையப் பிடிக்கும்" என்று மேஸ்திரி சொன்ன பிறகு, சட்டியை அப்படியே குழிக்குக் கொண்டுவந்து கொட்டினார். நான் சொன்ன விளக்கம் அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது; மேஸ்திரி சொன்னது புரிந்தது.

இரவு வேட்டை நின்றது நத்தையால் இல்லை, காட்டுமாட்டால். ஒரு கையாலையின் இந்தப் பக்கம் மூன்று பேர் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் பதினைந்தடியில் ஒற்றைக் கடா நின்றிருந்தது. விளக்கு திரும்பியபோதுதான் பார்த்தார்கள். அது மூச்சுவிட்டுத் திரும்பிப் போனது அவர்கள் அதிர்ஷ்டம். ஒரு நத்தைக்காக ஆளை இழக்க முடியாது என்று மறுநாளே இரவு வேலையைக் கைவிட்டோம்.

அதற்குப் பதில் சாக்குப் பொறி. மாலை 4 மணிக்கு நனைத்த கோணிச் சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலை, முட்டைக்கோஸின் வெளி இலை, அழுகத் தொடங்கிய வாழைத்தண்டுத் துண்டுகளை வைப்போம். விடிந்த பிறகு 6 மணிக்குச் சாக்கைப் புரட்டினால் ஒளிந்த நத்தைகள் அங்கேயே இருக்கும். 10 லிட்டர் வாளித் தண்ணீரில் 2 கிலோ கல்லுப்பைக் கரைத்து அதில் போட்டுக் கொன்று, ஓடையை விட்டுத் தள்ளிய குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். முதல் குழி இரண்டடி ஆழம்தான். காட்டுப்பன்றி கிளறிப் போட்டுவிட்டது. இரண்டாவது குழியை நான்கடி தோண்டி, மேலே கல்லும் முள்ளும் போட்டோம். சிதறிய காலி ஓடுகளையும் நொறுக்க வேண்டும். மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும்.

யோசித்துப் பார்த்த வேறு வழிகள்

25 கிராம் புகையிலையை 1.5 லிட்டர் நீரில் கொதிக்கவைத்த சாற்றோடு, 1 லிட்டரில் 60 கிராம் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கரைத்துக் கலந்து, வடிகட்டித் தெளிக்கும் முறை கேரளத்தில் பெயர்பெற்றது. வேலை செய்கிறது, சந்தேகமில்லை. ஆனால் தாமிரம் ஓடையில் கலந்தால் மீனும் தவளையும் போகும். கீழே நான்கு வீடுகள் அந்த ஓடையில்தான் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். ஆகவே ஓடையிலிருந்து தூரமாக, சுவர் ஓரங்களில் மட்டும் தெளித்தோம். காப்பியின் இலைத் துரு நோய்க்கு அடிக்கும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைப் பசையாக்கி நாற்றின் தண்டில் பூசியது அதைவிட எளிதாகவும் பயனுள்ளதாகவும் இருந்தது. நத்தைக்குத் தாமிரம் ஆகாது.

சென்னையில் வேலை பார்க்கும் ஓர் உறுப்பினரின் மகன், நத்தையைத் தின்னும் வேறொரு நத்தையை வரவழைக்கலாமே என்றான். பசிபிக் தீவான மூரியாவில் 1977இல் இதே ராட்சத நத்தைக்காக அப்படி ஒரு வேட்டை நத்தையை இறக்கினார்கள். அது ராட்சத நத்தையை ஒழிக்கவில்லை. அந்தத் தீவின் சொந்த மர நத்தைகளைத் தின்று தீர்த்தது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. வாத்து வளர்த்துப் பார்த்த ஒருவருக்கு மூன்று வாரத்தில் ஆறு வாத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. மரநாயோ கீரியோ, யார் கண்டது.

இரண்டாம் ஆண்டு மாசி: கல் இடுக்கு

தை பிறந்து மழை நின்றதும் நத்தை காணாமல் போனது. ஒழிந்தது என்று இருவர் இனிப்பு கூடக் கொடுத்தார்கள்.

மாசியில் காட்டுமாடு தாண்டியதில் என் தோட்டத்துக் கையாலை ஒன்று பத்தடிக்குச் சரிந்தது. கல் எடுத்து அடுக்க வந்த கொத்தனார் உள்கல்லைப் புரட்டியதும் கையை இழுத்துக்கொண்டார். பொந்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டி நாற்பதுக்கு மேல் நத்தைகள். ஓட்டு வாயை ஒவ்வொன்றும் வெள்ளைப் படலத்தால் மூடியிருந்தது, கஞ்சி ஆறினால் மேலே படியும் ஏடு காய்ந்ததுபோல. விரலால் தட்டினால் மொடமொடவென்றது. வறட்சியில் நத்தை இப்படித்தான் மாதக்கணக்கில் தூங்கும். காப்பியைப் பூக்கவைக்கும் கோடை மழையான பூ மழை விழுந்ததும் எழுந்து தின்று, இணைந்து, முட்டையிடும்.

மறுநாள் எல்லாரையும் கூட்டிவந்து அந்தப் பொந்தைக் காட்டினேன். நாங்கள் மழையில், இருட்டில், காட்டுமாட்டுக்கு நடுவே, பழம் எடுக்கும் ஆளைப் பிடுங்கித் தேடியதெல்லாம் இங்கே பட்டப்பகலில் குவிந்து கிடந்தது. மாசி, பங்குனியில் பழ வேலை முடிந்து ஆளும் கிடைப்பார்கள். முழுக் கையாலையையும் பிரிப்பதில்லை என்று முடிவு செய்தோம். பிரித்தால் மண் சரியும், அதற்குள் பாம்பும் பல்லியும் வாழ்கின்றன. வளைந்த கம்பியும் டார்ச்சும் கொண்டு பொந்து பொந்தாகப் பார்த்து, நத்தை தெரிந்த இடத்தில் மட்டும் ஒரு கல்லை எடுத்துத் திரும்ப வைப்பது. வெயில் படாத பக்கத்துச் சுவர், மரத்தடி வேர்ப்பொந்து, வெட்டிப்போட்ட வாழைத்தண்டுக் குவியல், மூலையில் மறந்த உரச் சாக்கு ஆகியவை முன்னுரிமை. இரண்டு பேருக்கு ஒரு காலையில் 400 வரை கிடைத்தது. பங்குனி முடிய 6 தோட்டங்களில் 9,000க்கு மேல் எண்ணினோம்.

சித்திரையில் பூ மழை விழுந்த பத்தாம் நாள், ஈரமான கல்லடியில் முட்டை தேடினோம். பெரிய ஜவ்வரிசிபோல, வெளிர் மஞ்சளில், ஒன்றரை அங்குல ஆழத்தில் கொத்தாக இருக்கும். 31 கொத்து கிடைத்தது.

பின்னர் நடந்தது

ஒவ்வொரு ஐப்பசியும் முதல் நல்ல மழைக்குப் பின், அதே 10 இடத்தில் அதே அளவுச் சாக்கை ஓர் இரவு வைத்து எண்ணினோம். முதல் ஆண்டு சாக்குக்குச் சராசரி 17. இரண்டாம் ஆண்டு 6. மூன்றாம் ஆண்டு 2. நாற்றுச் சேதம் மூன்றாம் ஆண்டில் பெரிதாக இல்லை.

ஒழியவில்லை. ஓடைப் பள்ளத்தில் பாறைகளுக்கிடையே எங்களால் எட்ட முடியாத இடம் உண்டு. காப்புக்காட்டு விளிம்பில் சில நத்தைகளைக் கண்டு வனக்காப்பாளரிடம் சொன்னோம். அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. எல்லையோரத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை அவரும் கூட வந்து பார்க்கிறார். கொட்டகையை ஒட்டிய இடம் இன்றும் தொல்லைதான். அங்கிருந்து சவ்சவ் மூட்டையோடு கீழே எத்தனை போயிருக்கும் என்பதை எண்ண என்னிடம் வழியில்லை.

இப்போது செய்தால் எப்படிச் செய்வோம்

குருணையை வாங்கவே மாட்டோம். எண்ணிக்கைக்குக் காசு கொடுக்க மாட்டோம். பிடித்த நத்தையைப் பிடித்த தோட்டத்திலேயே உப்பு வாளியில் கொல்லாமல் ஓரடியும் நகர்த்த மாட்டோம். முதல் கார்த்திகையில் செலவிட்ட பணத்தையும் ஆளையும் அப்படியே மாசிக்கு ஒதுக்குவோம். பொறுக்கப் போகும் முன் சொந்த நத்தையையும் அந்நிய நத்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லாருக்கும் காட்டுவோம். பத்து நிமிட வேலை, முதல் ஆண்டு அதைச் செய்யவில்லை.

நாற்றுக்கு ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து வரும் பை எதுவும் நேராகத் தோட்டத்துக்குப் போகாது. மண்பாதை முனையில் சிமெண்ட் தளம் ஒன்றில், சுற்றிலும் காய்ந்த சுண்ணாம்புத் தூள் கோட்டுக்குள் (உலர்ந்த தூளாக இருக்கும்வரை நத்தை அதைத் தாண்டத் தயங்கும்) மூன்று வாரம் இருக்க வேண்டும். பத்துப் பையில் ஒன்றைக் கிழித்து மண்ணைச் சல்லடையில் கொட்டிப் பார்ப்போம்.

சென்ற புரட்டாசியில் ஒருவருக்கு 200 மிளகு நாற்று வந்தது. கிழித்த நான்காவது பையில் முட்டைக் கொத்து: 163. வண்டியைத் திருப்பி அனுப்பு என்று அவரே கோபத்தில் சொன்னார். திருப்பினால் வத்தலக்குண்டில் வேறு யாராவது வாங்குவார்கள் என்று மேஸ்திரி சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் தளத்திலேயே 200 பையையும் கிழித்து, வேரைக் கழுவிக் கொடியைப் புதுப் பையில் மாற்றினோம். கழித்த மண்ணைத் தகர டிரம்மில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டோம். பாதி கொடி பட்டுப்போயிற்று. அந்த நட்டத்தை 11 பேரும் பங்கு போட்டுக்கொண்டோம்.